கணக்கில் சேராத புத்தகம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒவ்வொரு வகுப்பும் கால் மணித்தியாலம் பேச வேண்டும், கல்லூரி உங்களுக்குத் தந்த ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள் என்று செயலாளர் அக்கா கேட்டிருந்தார். எங்களுக்கு முன் பேசியவர்கள் ஒழுக்கம், தலைமைத்துவம், வலைப்பந்தாட்டம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது கதைப்புத்தகம். உண்மையைச் சொன்னால், அது கல்லூரி தந்ததும் அல்ல. கல்லூரிக்குத் தெரியாமல் நாங்கள் கொண்டுவந்தது. இத்தனை வருடம் கழித்து இந்த மேடையில் அதை ஒப்புக்கொள்கிறோம். தண்டனை தருவதென்றால் இடைவேளையில் தரலாம்.

நாங்கள் உயர்தரம் படித்த காலம் உங்களில் பலருக்குத் தெரியும். 1996இல் ஊர் இடம்பெயர்ந்தபோது கல்லூரியும் எங்களோடு இடம்பெயர்ந்தது. மரநிழலிலும் கிடுகுக் கொட்டிலிலும் வகுப்பு நடந்தது. வன்னிக்குள் மண்ணெண்ணெய் வருவது அரிது, வந்தாலும் யானை விலை. ஒரு குப்பி விளக்கைச் சுற்றி நாலு பேர் இருந்து இரசாயனவியல் படித்தோம். அந்த நாட்களில்தான் எங்கள் கைக்கு ஒரு பழைய ராணிமுத்து வந்து சேர்ந்தது. யார் வீட்டு இடம்பெயர்வு மூட்டையிலிருந்து வந்ததோ தெரியாது. அட்டை இல்லை. முதல் பக்கத்தில் எண்ணெய்க் கறை.

ஒரு புத்தகம், பதினொரு பேர். அடுத்த கிழமை மீண்டும் இடம்பெயர வேண்டி வரலாம் என்ற கதை அடிபட்டது. ஆகவே நாங்கள் ஒரு முடிவெடுத்தோம். நடுவில் இருந்த கம்பிகளைக் கழற்றி, புத்தகத்தை நாலாகப் பிரித்தோம். முதற்பகுதி முடித்தவள் இரண்டாம் பகுதிக்காரியிடம் மாற்ற வேண்டும். முறை தவறி மூன்றாம் பகுதி முதலில் கிடைத்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் கதாநாயகி ஏன் அழுகிறாள் என்று கடைசிவரை விளங்கவில்லை. நாலாம் பகுதியில் கடைசி ஆறு பக்கங்கள் இல்லை. எனவே முடிவை நாங்களே சொல்லிக்கொண்டோம். பதினொரு பேருக்கும் பதினொரு முடிவு. பல வருடங்கள் கழித்து எங்களில் ஒருத்தி கொழும்பில் அந்த நாவலை முழுதாக வாங்கி வாசித்தாள். ஆசிரியர் எழுதிய முடிவு எங்கள் பதினொன்றையும்விட மோசம் என்று தீர்ப்புச் சொன்னாள்.

வாசித்ததைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லிச் சண்டை பிடிக்கும் பழக்கம் அந்தக் கொட்டிலில்தான் எங்களுக்கு வந்தது. ஆனால் வெட்கமும் கூடவே வந்தது. அந்தப் புத்தகத்துக்குப் பழைய பேப்பரில் உறை போட்டு வெளியே “சேதன இரசாயனம்” என்று எழுதி வைத்தோம். நல்ல பிள்ளைகள் இந்த மாதிரிக் கதை வாசிப்பதில்லை என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வாசிப்பை நாங்கள் விடவில்லை. அதை மறைக்கப் பழகிக்கொண்டோம்.

பிறகு நாங்கள் சிதறினோம். மூன்று பேர் ரொறன்ரோ, இரண்டு பேர் லண்டன், ஒருத்தி ஒஸ்லோ, ஒருத்தி மெல்பேர்ண். நாட்டில் நான்கு பேர். அதில் இரண்டு பேர் வைத்தியர்கள், ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி நாயாற்றில். படிப்பு, வேலை, பிள்ளைகள், இடையில் 2009. வாசிப்பதற்கு நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டோம். நேரம் இருந்தபோதும் வாசிக்கவில்லை என்பதே உண்மை.

2018 தை மாதம் எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு யோசனை சொன்னாள். குட்ரீட்ஸ் என்ற இணையத்தளத்தில் வருடத் தொடக்கத்தில் இத்தனை புத்தகம் வாசிப்பேன் என்று ஓர் எண்ணைப் போட்டு, முடிக்க முடிக்கக் கணக்கு வைப்பார்கள். நாங்களும் செய்தால் என்ன? மாதம் இரண்டு, வருடம் 24. முடித்தவள் குரல்பதிவில் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும். எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்டோம்.

பங்குனி மாதத்துக்குள் அது பரீட்சையாகிவிட்டது. நாங்கள் நல்ல மதிப்பெண் எடுத்துப் பழகிய பிள்ளைகள் அல்லவா? எண்ணிக்கைக்காக மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுத்தார்கள் சிலர். பின்தங்கியவர்கள் குழுவில் முகம் காட்டவே கூசினார்கள். இன்னும் சிலர் தாங்கள் வாசித்ததில் பெருமைக்குரியதை மட்டும் அறிவித்தார்கள். இருபது வருடம் கழித்தும் இரசாயனவியல் உறை போட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

எங்கள் நாயாற்றுத் தோழி ஆறு மாதமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனி மாதத்தில் ஒரு குரல்பதிவு வந்தது. “ஒண்டு முடிச்சிட்டன்.” புத்தகத்தின் பெயரையும் சொன்னாள். ஒரு காதல் நாவல். பணக்காரக் கோபக்காரன், ஏழைக் கெட்டிக்காரி, தப்பெண்ணம், கடைசியில் கல்யாணம். எங்களில் ஒருத்தி உடனே பதில் போட்டாள்: “ஆறு மாசத்தில ஒண்டு, அதுவும் இதோ? இதெல்லாம் கணக்கில சேர்க்கேலாதடி.” அதற்குக் கீழே ஏழு பேர் சிரிப்புப் படம் போட்டோம். பதிலை எழுதியது யார் என்பது இங்கே வேண்டாம். சிரித்தது நாங்கள் எல்லோருந்தான்.

அதன் பிறகு மூன்று மாதம் அவளிடமிருந்து எதுவும் இல்லை. முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. கவனித்தபோது அழைத்தோம், எடுக்கவில்லை. புரட்டாதியில் ரொறன்ரோத் தோழி ஒருத்தி விடுமுறையில் வந்திருந்தாள். மூன்று பேராக வாகனம் பிடித்துப் புறப்பட்டோம். முல்லைத்தீவிலிருந்து தெற்கே சிலாவத்தை, அளம்பில், செம்மலை கடந்து போனால் நாயாறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் பாலம். கரையோரம் மீன்வாடிகள்.

அந்த ஊரின் கதையை வெளியூர்த் தங்கைமாருக்காக இரண்டு வரியில் சொல்ல வேண்டும். 1984ஆம் ஆண்டின் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு என்று அந்தக் கரையோரச் சனம் முழுக்க எழுப்பப்பட்டது. எங்கள் தோழிக்கு அப்போது ஐந்து வயது. யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்பிப் போக முடிந்தது. எங்களோடு படித்த காலம் முழுவதும் அவள் தன் ஊரைக் கண்டதில்லை.

வீட்டுக்குப் போனோம். அவள் கோபிக்கவில்லை. தேத்தண்ணி தந்தாள், பொரித்த இறால் தந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அவளுக்கு நாவல்கள் கொண்டுவந்து கொடுத்தது அவளுடைய அண்ணா. கடைசிக் காலத்தில் இடத்துக்கிடம் ஓடியபோதும் அந்தப் புத்தகப் பையை அவர்கள் விடவில்லை. பொக்கணையில் விட வேண்டி வந்தது. அண்ணாவும் அங்கிருந்து வரவில்லை. அதன்பிறகு ஒன்பது வருடமாக அவளால் ஒரு பக்கம் வாசிக்க முடியவில்லை. “எழுத்து தெரியும், வாசிக்கலாம், ஆனா அதே வரியிலயே நிக்கும்” என்றாள்.

2018 வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போனபோது கடை வரிசையில் ஒரு பழைய நாவலைக் கண்டு, அண்ணா வாங்குவது போன்ற புத்தகம் என்று வாங்கியிருக்கிறாள். வீட்டில் அம்மாவுக்கு நீரிழிவால் பார்வை மங்கிவிட்டது. பின்னேரத்தில் ஒரு அத்தியாயம் சத்தமாக வாசித்திருக்கிறாள். மனதுக்குள் வாசித்தால் நின்றுவிடும் வரி, சத்தமாக வாசித்தால் நகர்ந்திருக்கிறது. அம்மா திண்ணையில், கணவர் வலை பொத்திக்கொண்டு. கதாநாயகன் கோபித்துக்கொண்டு போகும் இடத்தில் அவள் நிறுத்தினால், “அவன் வருவான், நீ வாசி” என்பாராம் அம்மா. அப்படித்தான் அந்தப் புத்தகம் முடிந்தது. அதைத்தான் எங்களிடம் சொன்னாள். அதைத்தான் நாங்கள் கணக்கில் சேர்க்க மறுத்தோம்.

அந்தப் பதிலை எழுதியவளும் அன்று எங்களோடு இருந்தாள். அவள் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. பொழுதுபட்டதும் திண்ணையில் இருந்த அடுத்த நாவலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து அம்மாவுக்கு ஒரு அத்தியாயம் வாசித்தாள். முடிந்ததும் அம்மா சொன்னார்: “நல்லா வாசிக்கிறாய் பிள்ளை. ஆனா இவ்வளவு கெதியா வாசிச்சா, அந்தப் பெட்டை அழுறதுக்கு எங்க நேரம்?”

திரும்பி வரும் வழியில் வாகனத்தில் யாரும் பேசவில்லை. வைத்தியர்களாகிய எங்கள் இருவருக்குந்தான் கூடுதலான வெட்கம். அதே வரியில் நிற்கிறது என்று சொல்பவர்களை நாங்கள் அறிவோம். பெரும் இழப்பின் பின்னும் மனச்சோர்விலும் கவனம் கலைவது நாங்கள் பாடமாகவே படித்த அறிகுறி. பழகிய பாதை, தெரிந்த முடிவு, அடுத்த பக்கத்தில் பயங்கரம் ஒன்றும் இல்லை என்ற உறுதி, இவை உள்ள கதை அப்படிப்பட்ட மனதுக்கு ஊன்றுகோல் போன்றது. அது மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. மருந்து தேவைப்படுபவர் கட்டாயம் வைத்தியரிடம் வர வேண்டும். ஆனால் நோயாளியின் ஊன்றுகோலைப் பார்த்து, இது விலை குறைந்தது என்று எந்த வைத்தியரும் சிரிப்பதில்லை. நாங்கள் சிரித்திருந்தோம்.

பிறகு தேடிப் பார்த்தபோது, இது புதிய விஷயமே இல்லை என்று தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தன் போர்வீரர்களுக்காகச் சட்டைப் பைக்குள் அடங்கும் புத்தகங்களை அச்சடித்தது. 1943க்கும் 1947க்கும் இடையில் 1,300க்கு மேற்பட்ட தலைப்புகள், 12 கோடிக்கும் அதிகமான பிரதிகள். அவற்றில் இலக்கியமும் இருந்தது. துப்பறியும் கதையும் நகைச்சுவையும் குதிரைவீரர் கதைகளும் தாராளமாக இருந்தன. எங்கள் தொழிலையும் விட்டுவைக்க முடியாது. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கொனன் டொயில் ஒரு வைத்தியர். தன் ஆசிரியரான வைத்தியர் ஜோசப் பெல்லைப் பார்த்தே அந்தத் துப்பறிவாளனை உருவாக்கினார். அகதா கிறிஸ்டி முதலாம் உலகப் போரில் வைத்தியசாலை மருந்தகத்தில் வேலை செய்து நஞ்சுகளைப் பற்றி அறிந்துகொண்டவர். எங்கள் அம்மாமார் விரும்பி வாசித்த லக்ஷ்மி, டொக்டர் திரிபுரசுந்தரி, சென்னையில் மருத்துவம் படிக்கும் செலவுக்காக ஆனந்த விகடனுக்குக் கதை எழுதியவர். குடும்ப நாவல்காரி என்று பலர் ஒதுக்கிய அவருக்கு 1984இல் சாகித்திய அக்கடமிப் பரிசு கிடைத்தது.

தூரத்துக்கு ஏன் போவான்? 1970களில் வீரகேசரிப் பிரசுரமாக மலிவு விலையில் நாவல்கள் வந்தன. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது வாசித்துவிட்டு இன்னொருவருக்குக் கொடுத்துவிடும் வகைப் புத்தகங்கள். அந்த வரிசையில்தான் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ வந்தது. பருவத்துக்கு நெடுந்தீவில் வாடி போடும் மீனவர்களின் கதை, பின்னால் படமாகவும் எடுக்கப்பட்டது. அந்த வரிசையில்தான் அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யும் வந்தது. தண்ணிமுறிப்பில் நடக்கும் பதஞ்சலியின் கதை, சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. தண்ணிமுறிப்பு நாயாற்றுக்கு அயல். எங்கள் தோழியின் அம்மா அந்தக் குளத்தையும் காட்டையும் இளவயதில் கண்ணால் கண்டவர். அந்த நாவலை அவருக்கு வாசித்துக் காட்டியபோது, கதை எப்படி என்று சொல்வதற்கு முதல் பாதை சரியா பிழையா என்று சொல்லத் தொடங்கிவிட்டார். ஒரு புத்தகம் இலேசானதா கனமானதா என்பதை அட்டையும் விலையும் சொல்லாது என்று நாங்கள் அன்று படித்தோம்.

2019 தையில் விதிகளை மாற்றினோம். எல்லோருக்கும் ஒரே எண் இல்லை. அவரவர் எண்ணை அவரவரே சொல்ல வேண்டும். ஏன் அது என்று யாரும் கேட்கக்கூடாது. நாயாற்றுத் தோழி 3 என்றாள். ஒஸ்லோக்காரி 40 என்றாள். இரண்டும் ஒரே கொப்பியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டன. வருடமுடிவில் ஒஸ்லோக்காரிக்கு 31, நாயாற்றுக்காரிக்கு 5.

அபிப்பிராயம் சொல்வதற்கும் மூன்று விதி வைத்தோம். ஒன்று, “நல்லாயிருந்தது” என்று மட்டும் சொல்லக்கூடாது. எந்த இடத்தில் அடுப்பில் கறியை மறந்தாய், எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தாய், அதைச் சொல். இரண்டு, முடிவைச் சொல்லாதே. மூன்று, புத்தகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசு, வாசித்தவளை ஏசாதே.

மூன்றாவது விதி வந்தபிறகு விமர்சனம் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கூடிவிட்டது. வெட்கமில்லாமல் வாசிக்கத் தொடங்கியபோதுதான் கேள்வியும் கேட்கத் தொடங்கினோம். நாங்கள் பதினெட்டு வயதில் உருகி உருகி வாசித்த குடும்ப நாவல்கள் பலவற்றில் கதாநாயகன் கையைப் பிடித்து முறுக்குகிறான், சந்தேகப்படுகிறான், சில கதைகளில் அறைகிறான். கடைசி அத்தியாயத்தில் அது அன்பின் மிகுதி என்று சொல்லி முடிகிறது. அன்று எங்கள் கண்ணுக்கு அது படவில்லை. இன்று வெளிநோயாளர் பிரிவில் கன்னத்தில் காயத்தோடு வந்து “படியில விழுந்திட்டன் டொக்டர்” என்று சொல்லும் பெண்களைப் பார்க்கும் எங்களுக்கு அந்த அத்தியாயம் வேறு விதமாகத் தெரிகிறது. குழுவில் இதைப் பற்றி இரண்டு கிழமை வாக்குவாதம் நடந்தது. கதை கதைதானே, அதில் என்ன என்றார்கள் சிலர். லண்டன் தோழியின் பதினாறு வயது மகள் இடையில் புகுந்து, “அம்மா, இவன் மாதிரி ஒருத்தனை நான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன சொல்லுவீங்கள்?” என்று கேட்டாள். அதோடு வாக்குவாதம் முடிந்தது.

இந்தக் கதைகளை வாசிக்காதே என்று எங்களுக்குச் சொன்னவர்கள் எவரும், வாசித்துவிட்டு இதைப் பற்றிப் பேசுவோம் என்று சொல்லவில்லை. மறைத்து வாசித்ததால் நாங்கள் தனியே வாசித்தோம். தனியே வாசித்ததால் சொன்னதையெல்லாம் நம்பினோம். தங்கைமாருக்கு நாங்கள் சொல்ல வந்தது முக்கியமாக இதுதான். உறை போடாமல் வாசியுங்கள். வாசித்ததைத் தோழியிடம் சொல்லுங்கள். அவள் இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

2021இல் எங்கள் நாயாற்றுத் தோழிக்குத் தொண்டையில் ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை. ஆனால் சில கிழமைகளுக்குக் குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். அம்மாவின் நாவலோ பாதியில் நின்றது. நூலகம் என்ற இணைய நூலகத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். 2005இலிருந்து எங்கள் நாட்டுத் தமிழ்ப் புத்தகங்களை மின்வடிவில் சேர்த்து இலவசமாகத் தருகிறார்கள். அந்த நாவலும் அதில் இருந்தது. மீதி அத்தியாயங்களைப் பத்துப் பேரும் பங்கிட்டுக்கொண்டோம். இரவு வேலை முடிந்து ஒருத்தி, பிள்ளைகள் படுத்தபின் ஒருத்தி, பனிக்குள் வாகனத்தில் இருந்தபடி ஒருத்தி, ஆளுக்கொரு பகுதியைக் குரல்பதிவு செய்து நாயாற்றுக்கு அனுப்பினோம். 1997இல் கம்பி கழற்றிப் பிரித்த புத்தகம் போலவேதான். இம்முறை முறை தவறவில்லை. கடைசிப் பக்கமும் இருந்தது.

அம்மா எல்லாருக்கும் மதிப்பெண் போட்டார். மெல்பேர்ண்காரி சத்தம் காணாது. இரண்டு டொக்டர்மாரும் மருந்துச் சிட்டை வாசிப்பது போல வாசிக்கிறார்கள். கதையின் முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை. தான் இப்படி முடித்திருப்பேன் என்று வேறொரு முடிவைச் சொன்னார். அதைத் தோழி கைத்தொலைபேசியில் பதிவுசெய்து எங்களுக்கு அனுப்பினாள். எங்கள் கணக்குக் கொப்பியில் அது பன்னிரண்டாவது ஆளின் முதல் அபிப்பிராயமாகப் பதியப்பட்டிருக்கிறது.

இந்த நூற்றாண்டு ஆண்டுக்கு எங்கள் எண்களையெல்லாம் கூட்டிப் பார்த்தோம். 97 வந்தது. அம்மா தன் பங்குக்கு 3 தந்து 100 ஆக்கினார். இன்றுவரை 87 முடிந்திருக்கிறது. மீதி 13 முடியுமோ தெரியாது. முடியாவிட்டாலும் யாரும் வகுப்புக்கு வெளியே நிற்கத் தேவையில்லை. எண் எதற்கு என்று எங்களுக்கு இப்போது விளங்கும். என் அபிப்பிராயத்துக்காக எங்கோ ஒருத்தி காத்திருக்கிறாள் என்று ஒவ்வொருத்திக்கும் அது நினைவூட்டுகிறது. ஆறு மாதம் ஒருத்தியின் குரல் கேட்கவில்லை என்றால், அவள் பின்தங்கிவிட்டாள் என்று நாங்கள் இப்போது நினைப்பதில்லை. வாகனம் பிடிக்கிறோம்.

இறுதியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். கல்லூரி நூலகத்தில் இந்த வகைக் கதைகளுக்கென்று ஒரு தட்டு வையுங்கள். முதல் நூறு புத்தகங்களை எங்கள் வகுப்பு தருகிறது. நாங்கள் இந்த வருடம் வாசிக்க எடுத்துக்கொண்ட அதே நூறுதான். ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு துண்டு இருக்கும். எந்த இடத்தில் கறி கருகியது என்று வாசித்தவள் எழுதியிருப்பாள். அதன் கீழே தங்கைமார் எழுத இடம் விட்டிருக்கிறோம். நூலகப் பொறுப்பாசிரியரிடம் ஒன்று மட்டும் கேட்கிறோம். எண்ணெய்க் கறை பட்ட புத்தகத்துக்குத் தண்டப்பணம் அறவிட வேண்டாம்.